முன்னறையில் முரண்டு பிடித்த கேமரா

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்பது வாராவாரம் இந்தத் தொடரைப் படிக்க வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சண்டை சொத்துக்காக இல்லை, ஒரே ஒரு அறைக்காக.

தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலும் நாள் முழுக்க நல்ல வெளிச்சமும் உள்ள முன்னறையில் மருமகள் ஃபோட்டோ ஸ்டுடியோ போட்டிருக்கிறாள். அதே அறையைத் தன் மகளுக்குத் தையல் வகுப்பு நடத்தக் கொடுக்க வேண்டும் என்பது மாமனாரின் பிடிவாதம். மகளுக்கு வீட்டில் ஊசி என்று பெயர். தையல் தொழில் பாதிக் காரணம், நாக்கு மீதிக் காரணம். மருமகளுக்கு அவள் ஊசி அண்ணி.

பேச்சுவார்த்தை நின்ற நாளிலிருந்து இந்த அண்ணிதான் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரி. "காப்பி ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க அண்ணி" என்று இவள் சொல்ல, "குடிச்சாச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்று அவர் சொல்வார். இருவரும் நிற்பது ஒரே சமையலறையில்.

சென்ற வாரம் மாமனார் மகள் மூலமாகவே தீர்ப்பையும் சொல்லியனுப்பினார். கடிகாரக் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்கும் வேலை மருமகளுக்குக் கிடைத்தால் அறை அவளுக்கு. கிடைக்காவிட்டால் சாமான்களை மூட்டை கட்டி மாடியில் இருக்கும் தகரக்கூரை அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அறையில் பகலிலேயே விளக்குப் போட்டால்தான் சுவர் தெரியும்.

கடிகாரக் கம்பெனி முதலாளியம்மா வருவதாகச் சொன்ன நாள் இன்றுதான்.

மருமகள் முந்தின நாள் மத்தியானமே ஒத்திகை பார்த்துவிட்டாள். கேமராவை ஸ்டாண்டில் முறுக்கிப் பொருத்தி, கேபிளை மூலையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் செருகி, ஒரு ஸ்பூனையும் அண்ணியின் கத்தரிக்கோலையும் மேஜையில் வைத்துப் படம் எடுத்தாள். கேமரா பார்ப்பதெல்லாம் அப்படியே பெரிய திரையில் தெரிந்தது. இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே படம் வந்து நின்றது. நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அவள் முன்னறைக்கு வந்தபோது மாமா அங்கிருந்து அவசரமாக வெளியே வந்தார். "ஜன்னல் கொக்கி சரியில்லை" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கொக்கி நன்றாகத்தான் இருந்தது. இருக்கிற பதற்றத்தில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெஸ்க்டாப்பின் திரையை எழுப்பி, தன் பெயரைத் தட்டி, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனாள்.

அந்த டெஸ்க்டாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது அவள் கணவனின் கைவண்ணம். யாரோ தூக்கிப்போட இருந்த பழைய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, ஆளுக்கொரு கணக்கும் திறந்து கொடுத்திருந்தான். அவனுடைய குறும்புக்கு எல்லை கிடையாது. அப்பாவின் கணக்குக்கு 'எஜமானர்' என்று பெயர் வைத்திருந்தான், மனைவியுடையதற்கு 'மகாராணி'. அக்காவின் கணக்கு என்ன பெயரில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. அந்தப் பெட்டியை அணைக்கக் கூடாது, ரீஸ்டார்ட் செய்யவும் கூடாது. ஒரு முறை மாமா தெரியாத்தனமாக அணைத்துவிட, அது மறுபடி கண்ணைத் திறக்கவே இல்லை. அவன் விடுமுறை போட்டு உட்கார்ந்து அதை எழுப்ப வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அது அந்த வீட்டில் தூங்காத ஒரே பிறவி.

சட்டம் போட்ட கணவன் இப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியன். உள்ளே போனால் ஃபோன் லாக்கருக்குப் போய்விடும். சாயங்காலம் வரைக்கும் அவன் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் உடுப்பு, கையில் ஒரு தோல் பெட்டி. பெட்டிக்குள் வெல்வெட் துணியில் கைக்கடிகாரங்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"நான் ஏற்கெனவே சொன்னதுதாம்மா" என்றார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. "எடுக்க எடுக்க எனக்குப் பெரிய ஸ்க்ரீன்ல தெரியணும். போன தடவை ஒருத்தர் எடுத்தார். பெரிய ஆள்னு சொன்னாங்க. அச்சடிச்சு வந்தப்புறம் பார்த்தா, ஒவ்வொரு வாட்ச் கண்ணாடியிலயும் அவரோட கட்டம் போட்ட சட்டை. அத்தனை புத்தகத்தையும் பழைய பேப்பர்ல போட்டோம்."

"நீங்க கவலைப்படாதீங்க மேடம். நீங்க பார்த்து சரின்னு சொன்னாத்தான் பட்டனையே தட்டுவேன்" என்றாள் மருமகள்.

சொல்லிவிட்டு, படம்பிடிக்கும் புரோகிராமைத் திறந்தாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது.

'கேமராவைத் திறக்க இயலவில்லை. சாதனம் பயன்பாட்டில் உள்ளது.'

அவள் கட்டத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே பதில். கேமராவை அணைத்துப் போட்டாள். கேமரா ஒழுங்காகக் கண்ணைத் திறந்தது. திரை மட்டும் பழைய பல்லவியையே பாடியது.

"என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லை மேடம். ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் என்ன நீளம் என்பது வேலை தெரிந்த யாருக்கும் தெரியும்.

அப்போது கதவருகே ஊசி அண்ணி வந்து நின்றாள். மருமகளுக்குப் பகீர் என்றது. அறை கைமாறுவதை நேரில் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றே நினைத்தாள். ஆனால் அண்ணி திரையைப் பார்த்தாள், தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு விருந்தாளியிடம் திரும்பினாள்.

"மேடம், இந்த டிரெஸ் எங்கே தைச்சீங்க? தோள்பட்டை இவ்வளவு அழகா உக்கார்ந்திருக்கே. நான் தையல்காரி, கேக்காம இருக்க முடியலை."

முதலாளியம்மாவின் உச்சி குளிர்ந்துவிட்டது. டீ வந்தது. தோள்பட்டையில் தொடங்கிய பேச்சு கைமடிப்புக்குப் போனது, அங்கிருந்து முதலாளியம்மாவின் தையல்காரரின் குடிப்பழக்கத்துக்குப் போனது. மருமகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த அண்ணி எந்தக் கட்சி என்றே புரியவில்லை. ஆனால் கிடைத்த அவகாசத்தை விடுவாளா? மூலைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினாள்.

முதலில் கேபிள். அதைக் கழற்றிவிட்டு அலமாரியில் கிடந்த வேறொன்றைச் செருகினாள். இப்போது டெஸ்க்டாப் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. அது ஃபோன் சார்ஜருக்கு வந்த கேபிள். கரண்ட் மட்டும் போகும், படம் போகாது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டு பழையதையே மாட்டினாள். கேமரா தெரிந்தது, ஆனால் திறக்கவில்லை. ஆக, கேபிள் மேல் குற்றமில்லை.

அடுத்து கேமராவின் மெனு. கம்ப்யூட்டரோடு எப்படிப் பேச வேண்டும் என்ற இடத்தில் யாராவது எதையாவது மாற்றிவிட்டார்களா என்று பார்த்தாள். நேற்று வைத்தபடியே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேமரா தானாக அணைந்தது. ஒருவேளை இந்தத் தூக்கம்தான் காரணமோ என்று, தூங்கவிடாமல் அமைத்துவிட்டு மறுபடி முயன்றாள். 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது.'

"கேமரா கார்டை எடுத்து கம்ப்யூட்டர்ல காட்டலாமே?" என்றார் முதலாளியம்மா. தையல்காரர் கதை முடிந்திருந்தது போலிருக்கிறது.

"கார்டு மூடி அடிப்பக்கம் இருக்கு மேடம். ஸ்டாண்டுல இருந்து கழட்டினாத்தான் திறக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கழட்டி மாட்டினா ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது."

"அது சரி வராது. வரிசையா வைக்கும்போது எல்லாம் ஒரே அளவா இருக்கணுமே" என்றார் அவர். குரலில் மரியாதை இருந்தது. ஆனால் பார்வை ஒரு முறை தோல் பெட்டியின் கைப்பிடிக்குப் போய் வந்தது.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. எழுந்திருக்காமல் போனால் கேமராவோடு டெஸ்க்டாப்பும் போய்விடும். விரலை இழுத்துக்கொண்டாள்.

அந்த வாக்கியத்தையே இன்னொரு தரம் பார்த்தாள். இதுவரை அதைத் திட்டினாளே தவிர, படிக்கவில்லை. கேமரா கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. காணோம் என்றும் சொல்லவில்லை. யாரோ பயன்படுத்துகிறார்கள் என்கிறது. அப்படியென்றால் யார்?

எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது, அது யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று காட்டும் பட்டியல் ஒன்று டெஸ்க்டாப்பில் உண்டு. கணவன் எப்போதோ காட்டியிருக்கிறான். அதைத் தேடித் திறந்து, பக்கத்துப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினாள். மகாராணி, மகாராணி, மகாராணி. நடுவில் ஒரு வரியில் விரல் நின்றது. கேமராவிலிருந்து படம் பார்க்கும் புரோகிராம். பக்கத்தில் எஜமானர்.

முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கேபிளைப் பிடுங்கினாள். அந்த வரி கொஞ்சம் அடங்கியது. திரும்பச் செருகினாள். செருகிய வேகத்தில் எஜமானர் வரி துள்ளி எழுந்து கேமராவைக் கவ்விக்கொண்டது. அவள் புரோகிராம் வந்து சேருவதற்குள் அங்கே இடம் பிடித்தாயிற்று.

விஷயம் இப்போது வெட்டவெளிச்சம். காலையில் மாமா இந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் கணக்கைத் திறந்திருக்கிறார். இவள் காலடி கேட்டதும் கணக்கை விட்டு வெளியேறாமல், திரையை மட்டும் பூட்டிவிட்டு எழுந்து ஓடியிருக்கிறார். ஆள் வெளியே, கணக்கு உள்ளே. கேமராவைச் செருகும்போதெல்லாம் தானாகத் திறக்கும்படி வேறு அதை வைத்திருக்கிறார்.

அந்த வரியைத் தேர்ந்து, 'நிறுத்து' என்பதைத் தட்டினாள்.

'இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது டெஸ்க்டாப்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டு வழக்கத்தை இந்தப் பெட்டியும் நன்றாகக் கற்று வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலான பாஸ்வேர்டு கணவனிடம். கணவன் தியேட்டரில். மிச்சம் இருக்கும் வழி ஒன்றுதான். அது பின்பக்கத்து அறையில், பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மாமா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஊராருக்கு லைன் கொடுத்தவர், மருமகளோடு இருந்த லைனை மட்டும் துண்டித்து வைத்திருந்தார்.

மருமகள் வாசலில் வந்து நிற்கவும், தபால்காரி பின்னாலேயே ஓடி வந்துவிட்டாள்.

"அப்பா, அவ உங்களை..."

"வேண்டாம் அண்ணி. நானே கேக்கிறேன்" என்றாள் மருமகள். "மாமா, உங்க கணக்கு உள்ளே திறந்தே இருக்கு. அது கேமராவைப் பிடிச்சு வச்சிருக்கு. நீங்க வந்து மூடினாத்தான் எனக்குக் கேமரா கிடைக்கும்."

மாமா திருப்புளியைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்தது. பழக்க தோஷத்தில் மகளைப் பார்த்தார். மகள் உத்தரத்தைப் பார்த்தாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிடாதே" என்றார். பேச்சு நின்ற நாளுக்குப் பிறகு அவர் மருமகளிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"பண்ணலை மாமா. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

"பாஸ்வேர்டை எல்லாம் வெளியே சொல்ற வழக்கம் எனக்குக் கிடையாது."

"சொல்ல வேண்டாம். நீங்களே வந்து அடிங்க. நான் திரும்பிக்கிறேன்."

"அந்தம்மா போகட்டும். அப்புறம் வர்றேன்."

"அவங்க போயிட்டா ரூமும் போயிடும் மாமா." அவள் அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு வேலை தெரியாம ரூம் போனா பரவாயில்லை. நானே மூட்டை கட்டிடுவேன். நீங்க கணக்கை மூட மறந்ததால போனா, அது உங்களுக்கே நல்லா இருக்காது."

அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியது கிடையாது. மாமா எழுந்தார். சட்டையை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னறைப் பக்கம் நடந்தார்.

முதலாளியம்மாவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் சொன்னபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் மாறி மாறி எழுத்துகளைத் தேடிக் குத்தும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

திரை நிறைய அவள் எடுத்த படங்கள். நேற்றைய ஸ்பூன், நேற்றைய கத்தரிக்கோல், போன வாரம் எடுத்த பக்கத்து வீட்டுக்காரரின் முகம், ஜன்னல் கண்ணாடியில் மழை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நட்சத்திரங்கள். ஸ்பூனுக்கு இரண்டு. மழைக்கு மூன்று. கத்தரிக்கோலுக்கு நான்கு. மாமா தினமும் அவள் வருவதற்கு முன் இங்கே வந்து உட்கார்ந்து, அவள் எடுத்த ஒவ்வொரு படத்தையும் பார்த்து மார்க் போட்டிருக்கிறார்.

மருமகளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது சொல்ல மாட்டாரா என்று அவள் ஏங்கியதெல்லாம் இந்தத் திரையில் வரிசையாக இருந்தது.

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "நீங்கதான் செலக்ட் பண்றவரா சார்?"

மாமா தொண்டையைக் கனைத்தார். "சும்மா, பொழுதுபோக்கு."

"கத்தரிக்கோல் பிரமாதம். இரும்பு எப்படி மின்னுது பாருங்க. அதுக்கே நாலுதானா? எதுக்குமே அஞ்சு போடலையே?"

"அஞ்சு போடற மாதிரி ஒண்ணு இன்னும் எடுக்கலை" என்றார் மாமா. பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சேர்த்தார். "எடுப்பா."

அவசர அவசரமாகப் படங்களை மூடினார். கை பழைய பழக்கத்தில் பூட்டுப் படத்துக்கே போனது.

"பூட்டக் கூடாது மாமா. அதுக்குக் கீழே இருக்கே, வெளியேறு, அது."

அவர் அதைத் தட்டினார். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு பெயர்கள் வந்தன. எஜமானர் பெயருக்குப் பக்கத்தில் கணக்கு திறந்திருப்பதைக் காட்டியபடி காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த சின்னப் புள்ளி மறைந்திருந்தது. மருமகள் மகாராணியைத் தட்டி உள்ளே போய், புரோகிராமைத் திறந்தாள். கட்டம் எதுவும் எழவில்லை. திரையில் மேஜையின் மரக்கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க யாராலும் முடியவில்லை.

முதல் கடிகாரத்தை மேஜையில் நிறுத்தினாள். பெரிய திரையில் அது ஒரு தட்டு அளவுக்கு வந்து நின்றது. முள்ளின் நுனி தெரிந்தது, எண்களின் ஓரம் தெரிந்தது. கண்ணாடியின் மேல்பக்கம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மருமகள் அதை உற்றுப் பார்த்தாள், பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. வாட்ச்சுல நீங்க தெரியறீங்க."

முதலாளியம்மா குனிந்து தன் உடுப்பைப் பார்த்தார், நிமிர்ந்து திரையைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "இதைத்தான் போன ஆள் கோட்டை விட்டார். பட்டனைத் தட்டறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டியே."

அண்ணி யாரும் சொல்லாமலே உள்ளே போய் ஒரு துண்டு கறுப்புத் துணி கொண்டுவந்தாள். நடுவில் லென்ஸ் அளவுக்கு ஒரு வட்டத்தைக் கத்தரித்து, அதை ஒரு கம்பியில் மாட்டிக் கேமராவுக்கு முன்னால் திரை போலப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் மறைந்தது. கண்ணாடி இருப்பதே தெரியாமல் தெளிந்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் அண்ணி. அவ்வளவுதான். அசையாதீங்க."

"அசையலை, நீ எடு."

மருமகள் பொத்தானை அழுத்தினாள். படம் வந்து திரையில் நின்றது. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். "அடுத்தது வை" என்றார்.

அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. தோல் வார், உலோக வார், குழந்தைக் கையளவுக் கடிகாரம், கறுப்பு முகத்தில் கறுப்பு முள் உள்ள ஒரு வம்பு பிடித்த கடிகாரம். அந்த வம்புக்காரனுக்கு மட்டும் வெளிச்சத்தைத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து, திரையைப் பார்த்தபடியே அட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். கறுப்பிலிருந்து கறுப்பு முள் பிரிந்து எழுந்தது. முதலாளியம்மா கைதட்டிவிட்டார். மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமா வெளியே போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கடைசிக் கடிகாரம் வரைக்கும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"பொட்டியில இருக்கிறது மட்டும் இல்லைம்மா" என்றார் முதலாளியம்மா கிளம்பும்போது. "சுவர்க் கடிகாரம், மேஜைக் கடிகாரம், எல்லாம் அனுப்பறேன். புத்தகம் முழுக்க நீயே எடுத்துடு. ஆனா இந்த ரூம்லயே எடு. இந்த ஜன்னல் வெளிச்சம் எனக்குப் பிடிச்சிருக்கு."

வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் மருமகள் வாசலிலேயே நின்றாள். திரும்பினால் மாமா. தபால்காரியைக் காணோம்.

"கேட்டேன்" என்றார். "இந்த ரூம்லயே எடுக்கணுமாமே."

"ஆமா மாமா."

"அப்ப சாமானை எல்லாம் எதுக்கு மாடிக்குத் தூக்கணும்? அங்கேயே இருக்கட்டும். ரூம் உன்னுது." இரண்டடி நடந்தவர் நின்றார். "காலைல பூட்டினது என் தப்புதான். நீ வர்ற சத்தம் கேட்டு எழுந்துட்டேன்."

"இனிமே எழுந்து ஓட வேண்டாம் மாமா. நான் வந்தப்புறமும் உக்கார்ந்து பாருங்க."

அவர் சமையலறைக்குப் போய், காப்பி இருக்கிறதா என்று அவளிடமே நேராகக் கேட்டார்.

சாயங்காலம் கணவன் ஃபோன் செய்தான். நடந்ததை எல்லாம் அவள் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"ரீஸ்டார்ட் பண்ணியிருக்கலாமே" என்றான்.

"அணைச்சா எழுந்திருக்காதுன்னு நீதானே சொன்னே?"

"அதைப் போன மாசமே சரி பண்ணிட்டேன். சொல்ல மறந்துட்டேன் போல."

வேறொரு நாளாக இருந்தால் அவன் காது கிழிந்திருக்கும். இன்று அவளுக்குத் திட்ட மனசு வரவில்லை. ரீஸ்டார்ட் செய்திருந்தால் கேமரா வேலை செய்திருக்கும். மாமா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார். "மறந்தது நல்லதாப் போச்சு. சீக்கிரம் வா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முன்னறைக்குத் திரும்பியபோது அங்கே ஊசி அண்ணி இருந்தாள். கறுப்புத் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையைச் சீவிப் படிய வாரியிருந்தாள்.

மருமகளுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆனால் தோற்றவள் இவள்தானே. "அண்ணி, ரூம் விஷயத்துல உங்களுக்கு வருத்தம் இருக்கும். வாரத்துல சில நாள் நீங்களும் இங்கேயே வகுப்பு..."

"எனக்கு எதுக்கு ரூம்?" என்றாள் அண்ணி. "காலையில இருந்து நீ ஜெயிக்கணும், நீ ஜெயிக்கணும்னுதான் நான் கிடந்து தவிச்சேன்."

மருமகள் விழித்தாள்.

"வெளியூர்ல தையல் கல்லூரி ஒண்ணு. பாடம் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்காங்க. தங்க இடமும் கொடுக்கிறாங்க. அப்பாவுக்கு விஷயத்தோட வாடை அடிச்சிருக்கு. நான் போயிடக் கூடாதுன்னுதான் இந்த ரூமை எடுத்து என் கையில திணிக்கப் பார்த்தார். ரூம் என் பேருக்கு வந்திருந்தா, எந்த முகத்தோட நான் கிளம்பறது? இப்ப அது உன்னுது. என்னைக் கட்டிவைக்க அவர்கிட்ட ஒண்ணுமில்லை." அண்ணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அவள் கண்ணில் இப்படி ஒரு பளபளப்பை மருமகள் பார்த்ததே இல்லை. "நாளைக்குள்ள அனுப்பணும். பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணு எடு. அப்பா வெளியே போயிருக்கார், சட்டுனு எடுத்துடு."

மருமகள் கேமராவைத் தாழ்த்தி அண்ணியின் முகத்துக்கு நேராக நிறுத்தினாள். சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சிரிக்காதீங்க அண்ணி, இதுல சிரிக்கக் கூடாது."

"வருதே, என்ன பண்றது?"

பொத்தான் அழுந்தியது. பெரிய திரையில் ஊசி அண்ணியின் முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டு, தெளிவாக வந்து நின்றது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணி ஸ்டூலைவிட்டு எழுவதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார். இனி ஓட வேண்டாம், வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று அழைக்கப்பட்டவர் அல்லவா, உரிமையோடு நாற்காலியில் அமர்ந்தார். திரையைப் பார்த்தார். வெள்ளைச் சுவர், நேரான தோள், நேரான பார்வை. அந்த மாதிரிப் படம் எதற்கு எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

மகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இது எதுக்கு எடுத்தே?" என்று மருமகளைப் பார்த்து நேராகக் கேட்டார்.